சிசிலி டைசன் வேண்டாம் என்று சொன்ன வருடங்கள்

ஒரு நடிகையை "தேர்ந்தெடுத்து நடித்தவர்" என்று யாராவது பாராட்டினால் எனக்குச் சின்னதாக ஒரு எரிச்சல் வரும். முன்னால் நாலு நல்ல வேடங்கள் இருந்து, அதில் ஒன்றை எடுத்தால் அது தேர்வு. வந்த நாலுமே மோசமாக இருந்து, நாலையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அதற்கு என்ன பெயர்? அமெரிக்கக் கறுப்பின நடிகை சிசிலி டைசன் 2021 ஜனவரி 28ஆம் தேதி தன் 96ஆவது வயதில் இறந்தபோது நான் படித்த அஞ்சலிகளில் இந்தப் பாராட்டுதான் திரும்பத் திரும்ப வந்தது. கறுப்பினப் பெண்களை இழிவாகக் காட்டும் வேடங்களை அவர் மறுத்தார் என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் விருதுகளை அடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மறுத்தார் என்பது உண்மை. ஆனால் மறுத்த மாதத்தில் வாடகையை யார் கொடுத்தது, மறுத்த வருடங்களில் நாம் எந்த நடிப்பையெல்லாம் பார்க்காமல் போனோம் என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்ச காலம் நாடகக் குழு ஒன்றில் இருந்த என் சினேகிதியிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "வேண்டாம்னு சொல்றதுக்கும் ஒரு வசதி வேணும்டி" என்றாள். அதை ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை, தள்ளிவிடவும் முடியவில்லை. அப்புறம் டைசனின் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். அவருடைய தன்வரலாற்றையும் படித்தேன். அந்தப் புத்தகம் வெளிவந்து இரண்டே நாளில் அவர் இறந்துபோனார்.

வசதி என்று பார்த்தால் அவருக்கு எதுவுமே இல்லை. கரீபியத் தீவான நெவிஸிலிருந்து நியூயார்க்குக்குக் குடிவந்தவர்கள் அவருடைய பெற்றோர். ஈஸ்ட் ஹார்லெமில் வளர்ந்தார். அம்மா வீட்டுவேலைக்குப் போனவர். அப்பா தச்சு வேலை, பெயின்ட் வேலை என்று கிடைத்ததைச் செய்தவர். சின்ன வயதில் சிசிலி தெருவில் கடைப்பைகள் விற்றிருக்கிறார். 18 வயதில் தாயாகிவிட்டார், அந்தத் திருமணமும் நிலைக்கவில்லை. செஞ்சிலுவைச் சங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் ஒருநாள் எழுந்து நின்று, வாழ்நாள் முழுக்க இந்தப் பொறியைத் தட்டிக்கொண்டிருக்கக் கடவுள் என்னைப் படைக்கவில்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம். அங்கிருந்து மாடலிங், பிறகு நடிப்பு. அம்மாவுக்கோ சினிமா, நாடகம் எல்லாமே பாவம். நடிக்கப் போகிறேன் என்றதும் மகளை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். நீண்ட நாள் பேச்சுவார்த்தையே இல்லை.

ஆக, பின்னால் தாங்கிப் பிடிக்கக் குடும்பமும் இல்லை, பணமும் இல்லை, மகள் ஒருத்தி வேறு. என் சினேகிதியின் கணக்குப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்க வேண்டிய ஆள். ஆரம்பத்தில் அவர் பெரிதாக மறுத்ததாகவும் தெரியவில்லை. அஞ்சலிக்காரர்கள் தாண்டிப்போகும் ஒரு விவரம் இங்கே இருக்கிறது. 1961இல் நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் அரங்கில் ழான் ழெனேயின் 'தி பிளாக்ஸ்' நாடகம் தொடங்கியது. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், லூயிஸ் காசெட், மாயா ஏஞ்சலோ என்று பின்னால் பெரிய பெயர் வாங்கியவர்கள் பலர் அந்த மேடையில் இருந்தார்கள். ஆயிரத்து நானூறு தடவைக்கு மேல் நடந்த நாடகம் அது. அதில் டைசனுக்கு ஒரு பாலியல் தொழிலாளியின் வேடம். அடுத்த வருடம் 'மூன் ஆன் எ ரெயின்போ ஷால்' நாடகத்திலும் அதே மாதிரி வேடம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அவருக்கு வெர்னன் ரைஸ் விருது கிடைத்தது. பின்னாளில் எந்த மாதிரி வேடங்களை மறுத்ததற்காகக் கொண்டாடப்பட்டாரோ, கிட்டத்தட்ட அதே வேடங்கள்தான் அவரை முதலில் கவனிக்க வைத்தன. இதை ஒரு முரண்பாடு என்று தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. அவருடைய மறுப்பு பிறவிக்குணமாக இருந்ததில்லை, ஒரு கட்டத்தில் பிறந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

தொலைக்காட்சியில் அவருக்கு முதலில் கிடைத்தது ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும். 1963இல் சிபிஎஸ் ஒளிபரப்பிய 'ஈஸ்ட் சைடு வெஸ்ட் சைடு' தொடரில் ஜார்ஜ் சி. ஸ்காட் சமூகப் பணியாளர், டைசன் அந்த அலுவலகத்தின் செயலாளர். ஒரு நாடகத் தொடரில் வாராவாரம் வரும் பாத்திரமாகக் கறுப்பினப் பெண் ஒருவரை அமெரிக்கத் தொலைக்காட்சி உட்காரவைத்தது அதுதான் முதல் தடவை. செய்வதற்கு அதிகமாக எதுவும் தரவில்லை. ஆனாலும் அவர் ஒன்று செய்தார். சூடு போட்டு நீட்டாமல், ஒட்ட வெட்டிய சுருட்டை முடியோடு வந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்துவிட்டுப் பெண்கள் முடியை வெட்டத் தொடங்க, வாடிக்கை போகிறது என்று சிகை அலங்காரக் கடைக்காரர்களிடமிருந்து புகார்க் கடிதங்கள் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தொடர் ஒரே பருவத்தோடு நின்றுபோனது. கறுப்பினக் குடும்பம் ஒன்றைப் பற்றிய அத்தியாயத்தைத் தெற்கில் சில நிலையங்கள் ஒளிபரப்பவே மறுத்துவிட்டன.

அந்த நிருபரின் கேள்வி

1972க்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை எல்லாம் அந்த வருடத்தில்தான் திரும்புகிறது. மார்ட்டின் ரிட் இயக்கிய 'சவுண்டர்' அந்த ஆண்டு செப்டம்பரில் வந்தது. 1930களின் லூசியானாவில் விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தில் பயிர் செய்யும் ஒரு கறுப்பினக் குடும்பம். பிள்ளைகளின் பசிக்காக அப்பா கொஞ்சம் இறைச்சி திருடுகிறார், பிடிபடுகிறார், ஒரு வருடக் கடுங்காவல். நிலத்தையும் பிள்ளைகளையும் அம்மா ரெபெக்கா இழுத்துக்கொண்டு போக வேண்டும். டைசனை முதலில் அழைத்தது பள்ளி ஆசிரியை வேடத்துக்கு. எனக்கு ரெபெக்காதான் வேண்டும் என்று நின்றிருக்கிறார். நீங்கள் ரொம்ப இளமை, ரொம்ப அழகு என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். நான் நடிகை என்பதுதான் பதில்.

படத்தில் கணவன் திரும்பி வரும் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. எழுதியதில் எதுவும் மிகை இல்லை. முதலில் நாய்க்குத்தான் தெரிகிறது. தூரத்தில் ஒரு உருவம், கால் சரியில்லாத நடை. ரெபெக்கா கண்ணை இடுக்கிப் பார்க்கிறாள், ரெண்டடி எடுத்துவைக்கிறாள், அப்புறம் மண்பாதையில் ஓட ஆரம்பிக்கிறாள். அழகாக ஓட வேண்டும் என்ற நினைப்பே இல்லாத ஓட்டம் அது. கை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். அந்த உடம்புக்குப் பழக்கம் சுமப்பதும் குனிவதும்தான், ஓடிப் பல வருடம் ஆகியிருக்கும் என்று பார்க்கும்போதே புரிகிறது. கேமரா கிட்டே போய் அவள் கண்ணீரைத் தேடுவதில்லை. அந்தத் தூரத்தை அப்படியே வைத்திருக்கிறார் ரிட். முகத்தைக் காட்டாமலே ஒரு திருமணத்தின் கதை முழுவதையும் இந்தப் பெண்ணால் சொல்லிவிட முடிகிறது.

படத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது நடந்ததை டைசன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு வெள்ளை நிருபர் எழுந்தார். இந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு தப்பெண்ணம் இருப்பது தெரியவந்தது என்றார். படத்தில் வரும் பையன் தன் தந்தையை 'டாடி' என்று கூப்பிடுவது அவருக்கு உறுத்தியதாம். ஏன் உறுத்தியது என்று டைசன் கேட்டார். என் மகன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான் என்றார் அவர்.

இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். அந்த மனிதர் கெட்ட எண்ணத்தோடு வந்தவர் இல்லை. தன் மனதில் கிடந்ததை நாலு பேர் முன்னால் எடுத்து வைக்கும் அளவுக்கு நேர்மையானவர். அதனால்தான் அது அவ்வளவு பயங்கரமாக இருக்கிறது. படித்தவர், பத்திரிகையில் வேலை பார்ப்பவர், நல்ல படம் பார்க்க வந்தவர். கறுப்பினப் பிள்ளையும் தன் பிள்ளையைப் போலவே அப்பாவைக் கூப்பிடும் என்பது அவருக்கு 1972இல், ஒரு திரைப்படத்தின் வழியாகப் புதிய செய்தியாக இருக்கிறது. வெறுப்போடு எதிர்ப்பவருக்குப் பதில் சொல்லிவிடலாம். இவருக்கு என்ன பதில் சொல்வது? இந்த மனிதரின் கண்ணில் நாங்கள் மனிதர்களாகவே இல்லை என்று தனக்கு அப்போதுதான் உறைத்தது என்கிறார் டைசன். வெறும் நடிகையாக இருக்கும் சௌகரியம் தனக்குக் கிடையாது, இனி எடுக்கும் ஒவ்வொரு வேடமும் இதற்குப் பதிலாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்ததாகவும் சொல்கிறார்.

இந்த முடிவு வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 1971இல் 'ஷாஃப்ட்' வந்து வசூலைக் குவித்தது. 1972இல் 'சூப்பர் ஃப்ளை'. துப்பாக்கி, போதைமருந்து, தரகர்கள், மின்னும் கார்கள் என்று கறுப்பினப் பார்வையாளர்களைக் குறிவைத்த படங்கள் வரிசை கட்டின. கறுப்பின நடிகர்களுக்கு ஹாலிவுட்டில் அதுவரை இல்லாத அளவுக்கு வேலை கிடைத்த சில வருடங்கள் அவை. சரியாக அந்தக் கதவைத்தான் டைசன் தனக்குத் தானே சாத்திக்கொண்டார். அதன் வழியே உள்ளே போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பாம் க்ரியர் அந்தப் படங்களில்தான் முதல் வரிசை நட்சத்திரமானார், துப்பாக்கியோடு நிற்கும் அவரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்த பெண்களும் இருந்திருப்பார்கள். டைசனின் முடிவை எல்லோருக்குமான அளவுகோலாக ஆக்குபவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

பூனை வேடம்

'சவுண்டர்' அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையைக் கொண்டுவந்தது. அதே வருடம் டயானா ராஸும் பட்டியலில் இருந்தார். சிறந்த நடிகைக்கான பட்டியலில் ஒரே ஆண்டில் இரண்டு கறுப்பினப் பெண்கள் இடம்பெற்றது அதுவே முதல்முறை. விருது லைசா மினெல்லிக்குப் போனது. 1974 ஜனவரி 31 அன்று சிபிஎஸ் 'மிஸ் ஜேன் பிட்மன்' தொலைப்படத்தை ஒளிபரப்பியது. அடிமையாகப் பிறந்து, 110 வயதில் கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டத்தைப் பார்க்கும் பெண். முதுமையைக் கற்க முதியோர் இல்லங்களுக்குப் போய் உட்கார்ந்து கவனித்திருக்கிறார் டைசன். ஸ்டான் வின்ஸ்டன், ரிக் பேக்கர் இருவரும் போட்ட ஒப்பனைக்கு மணிக்கணக்காகும். ஆனால் ஒப்பனை தோலைத்தான் மாற்றும். சொல் வருவதற்கு முன்னால் தாடை அசைவது, எழுந்திருக்கும் முன் நாற்காலியோடு ஒரு பேரம் பேசுவது, அதெல்லாம் அவருடையது. ஒன்பது எம்மி விருதுகள் அந்தப் படத்துக்கு. இரண்டு அவருக்கு.

கடைசிக் காட்சியில் ஜேன் ஊன்றுகோலோடு நீதிமன்ற வளாகத்தில் நடந்துபோய், வெள்ளையர்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும் குழாயில் தண்ணீர் குடிக்கிறாள். பார்த்தவர்கள் மறக்காத காட்சி. படத்துக்கு மூலமான எர்னஸ்ட் கெய்ன்ஸின் நாவலில் அது கிடையாது. நாவலில் ஜேனின் கதையைக் கேட்டு எழுதுபவர் ஒரு வரலாற்று ஆசிரியர். படத்தில் அவரை வெள்ளைப் பத்திரிகையாளராக்கிவிட்டார்கள். இது எனக்குக் கொஞ்சம் கசப்புதான். ஒரு வெள்ளை நிருபரின் வாக்குமூலம் கேட்டுத் தன் பாதையை முடிவு செய்தவர், அடுத்த பெரிய படத்திலேயே தன் கதையை ஒரு வெள்ளை நிருபரிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலத்துத் தொலைக்காட்சிக்கு அப்படி ஒரு காது நடுவில் தேவைப்பட்டிருக்கிறது. வேடத்தை மறுக்கும் அதிகாரம் நடிகைக்கு உண்டு. கதை யார் முன்னால் சொல்லப்படுகிறது என்பதை மாற்றும் அதிகாரம் கிடையாது.

சரி, ஆஸ்கர் பரிந்துரை, இரண்டு எம்மி. இதற்குப் பிறகு பெரிய திரை அவருக்கு என்ன கொடுத்தது? 1976இல் சோவியத் ஒன்றியத்தோடு சேர்ந்து எடுத்த 'தி ப்ளூ பேர்ட்' படத்தில், எலிசபெத் டெய்லரோடு நடித்தார். பூனையாக. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே பூனை வேடம். தொலைக்காட்சிதான் அவரைக் காப்பாற்றியது. 'ரூட்ஸ்' தொடரில் குண்டா கின்டேயின் தாய், மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கோரெட்டா, அடிமைகளைத் தப்புவித்த ஹேரியட் டப்மன், சிகாகோ ஆசிரியை மார்வா காலின்ஸ் என்று வரிசையாக வந்தன. அத்தனையும் மதிப்புக்குரிய பெண்கள். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. மதிப்புக்குரியவர்களை மட்டும் நடித்துக்கொண்டிருந்தால் ஒரு நடிகைக்குள் இருக்கும் சோம்பேறியும் பொய்க்காரியும் பொறாமைக்காரியும் எங்கே போவார்கள்? ஐம்பதிலிருந்து அறுபத்தைந்து வரையிலான அவருடைய வருடங்களில், தப்பு செய்யும் ஒரு சாதாரணப் பெண்ணாக அவரைப் பார்க்க ஆசைப்பட்டுத் தேடினேன். கிடைத்தது மிகக் குறைவு. இரண்டே வகை வேடங்கள்தான் எழுதப்படுகின்றன, ஒன்று இழிவு, இன்னொன்று சிலை என்றால், இழிவை மறுப்பவருக்கு மிஞ்சுவது சிலைதான். அவர் மறுப்புக்குக் கொடுத்த விலை எதுவென்று கேட்டால், நான் பணத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

பணக் கணக்கு தனி. 'சவுண்டர்' படத்துக்கு அவருக்குக் கிடைத்தது ஆறாயிரம் டாலர் என்று இயக்குநர் டைலர் பெர்ரி ஒரு பேட்டியில் சொன்னார். அதைக் கேள்விப்பட்டபின் தன் படத்தில் ஒருநாள் வேலைக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்ததாகவும் சொன்னார். நல்ல காரியம். ஆனால் அது எண்பது வயதைத் தாண்டியவருக்கு வந்த பணம்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் தலையாட்டினார்

எல்லாவற்றையும் மறுத்தவராக அவரை வரையும்போது அடிபட்டுப் போகும் ஒரு விவரம் அவருடைய வயது. அவர் பிறந்தது 1924 டிசம்பர் 19. நடிக்க வரும்போது முப்பதை ஒட்டிய வயது. அந்த வயதைச் சொன்னால் வேலை கிடைக்காது, கிட்டத்தட்ட பத்து வருடத்தைக் குறைத்துச் சொல் என்று மேலாளர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்படியே செய்தார், பல பத்தாண்டுகள் அதைக் காப்பாற்றினார். 'சவுண்டர்' வந்தபோது அவருக்கு 47. ரொம்ப இளமை என்று சொல்லப்பட்டது 47 வயதுப் பெண்ணிடம்! ஹாலிவுட்டில் அந்த வயதில் பெரும்பாலான நடிகைகளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நிறத்தின் பெயரால் வந்த நிபந்தனையை நேருக்கு நேர் மறுத்தவர், வயதின் பெயரால் வந்த நிபந்தனையை ஒரு பொய்யால் சுற்றிக்கொண்டு போனார். எனக்கு அது அவருடைய மரியாதையைக் குறைப்பதாகப் படவில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சண்டை போட்டால் பட்டினிதான். இதைச் சொன்னதும் என் சினேகிதி முதல்முறையாகத் தலையசைத்தாள். "இப்பதான் அவங்க எனக்கு மனுஷியா தெரியறாங்க" என்றாள்.

1980களில் 'தி ட்ரிப் டு பவுன்டிஃபுல்' படத்தைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு வேடம் மட்டும் எனக்கு வாங்கிக் கொடுங்கள், அதோடு ஓய்வு பெற்றுவிடுகிறேன் என்று தன் ஏஜெண்டிடம் சொன்னாராம். சாவதற்குள் சொந்த ஊரைப் பார்த்துவிடத் துடிக்கும் ஒரு கிழவியின் கதை. சிலை இல்லை, தியாகி இல்லை, மருமகளோடு மல்லுக்கட்டும் சாதாரணப் பெண். ஹார்ட்டன் ஃபுட் அதை வெள்ளைக் குடும்பத்தை வைத்து நாடகமாக எழுதியிருந்தார். 2013இல் அதே நாடகம் பிராட்வேயில் கறுப்பின நடிகர்களோடு மேடையேறியபோது அந்த வேடம் டைசனுக்குக் கிடைத்தது. முப்பது வருடம் கழித்து பிராட்வே மேடை ஏறுகிறார், வயது 88. கிழவி ஒரு பக்திப்பாட்டைப் பாடும் இடத்தில் பார்வையாளர்களும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடுவார்கள், இரவுக்கு இரவு அப்படித்தான் நடந்தது. டோனி விருது வந்தது. ஓய்வு பெறுவேன் என்ற வாக்கைக் காப்பாற்றவில்லை. 2018இல் கௌரவ ஆஸ்கரை வாங்கும்போது அம்மாவை நினைத்துக்கொண்டு, நீ வேண்டாம் என்றாய், நான் செய்தேன், இதோ இருக்கிறது என்கிற பொருளில் பேசினார்.

2015இல் 'ஹவ் டு கெட் அவே வித் மர்டர்' தொடரின் ஓர் அத்தியாயத்தில் வயோலா டேவிஸின் தாயாக அவர் வருகிறார். பெயர் ஒஃபீலியா. டேவிஸ் சிறுமியாக இருந்தபோது தொலைக்காட்சியில் ஜேன் பிட்மனைப் பார்த்துத்தான் நடிகையாக வேண்டும் என்று முடிவு செய்ததாகச் சொல்பவர். டைசனின் தன்வரலாற்றுக்கு முன்னுரை எழுதியவரும் அவர்தான். ஒஃபீலியா வாய்த்துடுக்கு, பிடிவாதம், மகளைக் குத்திப் பேசும் நாக்கு எல்லாம் உள்ள கிழவி. மகளை உட்காரவைத்துத் தலைவாரியபடி, சின்ன வயதில் அவளைச் சீரழித்த மாமனைப் பற்றிப் பேச்சை எடுக்கிறாள். அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்குத் தீ வைத்தது தான்தான் என்று, சமையல் குறிப்பு சொல்கிற குரலில் சொல்கிறாள். சீப்பு நிற்பதில்லை. கொலைகாரி, அதற்காக வருந்தாதவள், மகளுக்கு அத்தனை வருடம் ஆறுதல் சொல்லத் தெரியாமல் இருந்தவள். 1973இல் இப்படி ஒரு வேடத்தின் சுருக்கத்தை மட்டும் தாளில் படித்திருந்தால் டைசன் திருப்பி அனுப்பியிருப்பார் என்று அவருடைய ரசிகர்களே சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடையில் இரண்டு பாலியல் தொழிலாளிகளை நடித்தவர் அவர், பின்னாளில் வீட்டுவேலைக்காரிகளையும் அடிமைகளையும் தயங்காமல் நடித்தவர். அவர் பார்த்தது தொழிலையோ குற்றத்தையோ இல்லை, அந்தத் தாளில் ஒரு ஆள் இருக்கிறாளா என்பதை மட்டும்தான். ஒஃபீலியா அன்றைக்கே வந்திருந்தால் ஓடிப்போய் வாங்கியிருப்பார். அன்றைக்கு அவளை எழுத யாரும் உட்காரவில்லை.